முதல் போட்டோ கண்காட்சி: என்ன மாட்டுறது, என்ன விலை போடுறது

கோயமுத்தூர்ல குரூப் ஷோவும் போட்டு தனியா ஒரு ஷோவும் போட்டு கைய சுட்டுக்கிட்டவன் நான், அந்த அனுபவத்துல தெரிஞ்சத சொல்றேன், கேளுங்க.

கே: நல்ல படம்னு 60 எடுத்து வச்சிருக்கேன் அண்ணா, எல்லாத்தையும் மாட்டிரலாமா?

வேண்டாங்க. 15 போதும். 60ஐயும் சின்ன சைஸ்ல சல்லிசா பிரிண்ட் போட்டு வீட்டு தரைல பரப்பி ஒரு வாரம் அப்படியே விட்டுருங்க, தாண்டி தாண்டி போறப்ப எது சலிக்குதுன்னு தானா தெரிஞ்சிரும். லைக் நிறைய வாங்குன படம்தான் என் கணக்குல மொதல்ல சலிக்கும்.

கே: 24 மெகாபிக்சல் கேமரா. எவ்ளோ பெருசா போடலாம்?

உங்க பைல் 6000க்கு 4000 பிக்சல். இன்ச்சுக்கு 300 புள்ளி கணக்குல வகுத்தா 20க்கு 13 இன்ச் தாராளமா வரும். 200ல போட்டா 30க்கு 20, ரெண்டடி தள்ளி நின்னு பாத்தா குறை தெரியாது. ஆனா கிராப் பண்ண படம்னா மிச்சம் இருக்குற பிக்சல வச்சுத்தான் கணக்கு.

கே: ஸ்கிரீன்ல பளிச்னு இருக்கு, பிரிண்ட் இருட்டா வருது, லேப்ல தப்பா?

பெரும்பாலும் நம்ம மானிட்டர்தான், பிரைட்னஸ் ஏத்தி வச்சு எடிட் பண்ணிருப்பீங்க. பாதியா குறைச்சுட்டு எடிட் பண்ணுங்க, பைல எஸ்ஆர்ஜிபி (sRGB)ங்கிற கலர் செட்டிங்ல குடுங்க, பெருசா போடறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட் பிரிண்ட் கட்டாயம்.

கே: எங்க ஊர் பிரேம் கடைல குடுக்கலாமா?

குடுங்க, ஆனா சாமி படம் மாதிரி கண்ணாடியோட ஒட்டி போட்ருவாங்க, மழைக்காலத்துல ஈரம் ஏறுனா பிரிண்ட் கண்ணாடியிலயே புடிச்சுக்கும், பிரிச்சா உரிஞ்சு வரும். நடுவுல மவுண்ட் போர்டு, அதாவது பிரிண்ட் கண்ணாடில படாம தள்ளி வைக்கிற கெட்டி அட்டை, வேணும்னு பக்கத்துலயே நின்னு சொல்லுங்க, ஆசிட் இல்லாத போர்டு கிடைச்சா நல்லது. பிரிண்ட்ட பெவிகால், டபுள் டேப் போட்டு முழுசா ஒட்ட விடாதீங்க.

கே: விலை எப்படி அண்ணா போடுறது?

இதுலதான் நான் ஏமாந்தேன். ஒரு படத்துக்கு பிரிண்ட், பிரேம், வண்டி வாடகை எல்லாம் சேத்து 3000 ஆகுதுன்னு வச்சுக்கோங்க, உங்க உழைப்புக்கு 3000, ஆக கைக்கு 6000 வரணும். கேலரி கமிஷன் 40 சதவீதம். நான் 6000 மேல 40 சதவீதம் ஏத்தி 8400னு போட்டேன், வித்துச்சு, கமிஷன் 3360 போக கைக்கு வந்தது 5040. ஏன்னா கமிஷன் விக்கிற விலைல புடிப்பாங்க. 6000ஐ 0.6ஆல வகுக்கணும், 10,000 வரும்.

இன்னொன்னு. 15 படத்துக்கு 45,000 செலவு, 4 வித்தா 24,000 வரும், மிச்சம் 21,000 சுவத்துலதான் தொங்கும். அதனால எல்லா பிரேமும் ஒரே சைஸ்ல போடுங்க, அடுத்த ஷோவுக்கு படத்த மட்டும் மாத்திக்கலாம். வீட்டுக்கு வந்து கேக்குற சொந்தக்காரருக்கு பாதி விலைக்கு குடுக்காதீங்க, 10,000க்கு வாங்குனவர் காதுக்கு போயிரும்.

கே: பிரிண்ட் ஓரத்துல 3/10னு பென்சில்ல எழுதுறாங்களே, அது?

மொத்தம் பத்து பிரிண்ட்தான், இது மூணாவதுன்னு அர்த்தம். எழுதிட்டா பதினொன்னாவது போடக்கூடாது, அவ்ளோதான்.

கே: நான் கல்யாண போட்டோகிராபர். அந்த படங்கள வைக்கலாமா?

கேட்டுட்டு வைங்க. 1957 காப்பிரைட் சட்டப்படி காசு குடுத்து எடுக்க சொன்னவங்கதான் முதல் உரிமையாளர், வேற மாதிரி ஒப்பந்தம் போட்ருந்தா ஒழிய. பல பேருக்கு இது தெரியாது. ஆனா நீங்களா எடுத்த படத்தோட பிரிண்ட்ட ஒருத்தர் வாங்குனா, உரிமை உங்ககிட்டயேதான் இருக்கும், அவர் அத காலண்டர் அடிச்சு விக்க முடியாது.

கே: எவ்ளோ உயரத்துல மாட்டணும்?

படத்தோட நடு தரையில இருந்து 145 செ.மீ. படத்தோட நடு, ஆணி இல்ல! நாங்க மொத தடவ ஆணிய அளந்து அடிச்சு ராத்திரி பதினோரு மணிக்கு மறுபடி எல்லாத்தையும் கழட்டினோம்.