3, 4, 8: இது என்ன வகை முக்கோணம்?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். 3 செ.மீ, 4 செ.மீ, 8 செ.மீ பக்கங்களைக் கொடுத்து, முக்கோணத்தின் வகை கேட்டிருந்தார்கள். மூன்றும் வேறு வேறு அளவு என்பதால் 'அசமபக்க முக்கோணம்' என்று எழுதினாள். தவறு என்கிறார்கள், ஏன்? சமபக்க முக்கோணத்தை இருசமபக்க முக்கோணம் என்றும் சொல்லலாமா?

பதில்: தென்னந்துடைப்பத்திலிருந்து மூன்று ஈர்க்குச்சிகளை 3, 4, 8 செ.மீ அளவில் நறுக்கி மகளிடம் கொடுங்கள். 8 செ.மீ குச்சியைத் தரையில் வைத்து, ஒரு முனையில் 3-ஐயும் மறுமுனையில் 4-ஐயும் பொருத்தி, இரண்டையும் சாய்த்துச் சேர்க்கச் சொல்லுங்கள். சேராது. முழுக்கப் படுக்கவைத்தாலும் நடுவில் 1 செ.மீ இடைவெளி இருக்கும். முக்கோணமே அமையாதபோது வகை ஏது? 'முக்கோணம் அமையாது; 3 + 4 = 7, இது 8-ஐவிடக் குறைவு' என்பதுதான் விடை.

அடிக்குச்சியை 7 ஆக்கினால் முனைகள் முட்டும். ஆனால் தரையோடு தரையாகக் கிடக்கும். அதுவும் முக்கோணம் இல்லை. 6 ஆக்கிப் பாருங்கள், கூரை மாதிரி எழும்பும். சிறிய பக்கங்கள் இரண்டின் கூடுதல் பெரிய பக்கத்தைவிட அதிகமா என்று ஒருமுறை பார்த்தால் போதும். அதன் பிறகே வகை பிரிக்க வேண்டும். அலகையும் கவனிக்கச் சொல்லுங்கள்: 50 மி.மீ, 5 செ.மீ, 6 செ.மீ என்று கொடுத்தால் அது இருசமபக்க முக்கோணம். பிள்ளைகள் அவசரத்தில் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

அடுத்த கேள்விக்கு வருகிறேன். சமபக்க முக்கோணத்தை இருசமபக்க முக்கோணம் என்றும் தாராளமாகச் சொல்லலாம். பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் 'இரண்டு பக்கங்கள் மட்டும் சமம்' என்றுதான் வரையறுத்தார். ஆனால் இன்றைய கணிதத்தில் 'குறைந்தது இரண்டு பக்கங்கள் சமம்' என்பதே வழக்கம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. சம பக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள் சமம் என்ற இருசமபக்க முக்கோணத்தின் பண்பை இரண்டு முறை பயன்படுத்தினால், சமபக்க முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சமம், ஆகவே ஒவ்வொன்றும் 60° என்று கிடைத்துவிடும். ஆனாலும் தேர்வில் வகை கேட்டால் 'சமபக்க முக்கோணம்' என்றே எழுதட்டும்; அதுதான் துல்லியமான பெயர்.

சரி, ஜியாமெட்ரி பாக்ஸில் இரண்டு மூலைமட்டங்கள் இருக்குமே, அவற்றின் பக்கங்களை அளக்கச் சொல்லுங்கள். 45° உள்ளது இருசமபக்கம், 30°-60° உள்ளது அசமபக்கம், இரண்டுமே செங்கோண முக்கோணங்கள்.