கண் முன்னால் இருக்கிற ஃபைல், தேடினால் வரமாட்டேன் என்கிறது

கேள்வி: அண்ணாச்சி, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு டைப் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். கணினியில் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். போன திங்கட்கிழமை மனு நாளில் அம்பாசமுத்திரத்துப் பெரியவர் ஒருவர் தன் பழைய மனுவின் நகல் கேட்டு வந்தார். 'கொக்கிரகுளம்' என்று ஃபைண்ட் (ஃபைல் தேடும் கட்டளை, find) போட்டால் ஒன்றும் வரவில்லை, ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சாயங்காலம் ஃபோல்டரைத் திறந்தால் அதே பெயரில் கிடக்கிறது! பழைய மனுக்கள் எல்லாம் முன்னால் வைத்திருந்த ஆப்பிள் கணினியிலிருந்து ஜிப் பண்ணிக் கொண்டுவந்தவை. நட்சத்திரம் போட்டுத் தேடினாலும் ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் பிழை சொல்கிறது.
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, கோளாறு அந்தக் 'கொ'வில் இருக்கிறது. நம் கண்ணுக்கு அது ஒரே எழுத்து, ஆனால் கணினியில் அதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: 'க'வுக்குப் பின்னால் 'ொ' என்ற ஒரே குறி, இல்லையென்றால் ஒற்றைக்கொம்பு தனியாக, கால் தனியாக. முதலாவதில் குறிக்கு 3 பைட், இரண்டாவதில் 6. 2017க்கு முந்தைய ஆப்பிள் கணினிகளின் ஃபைல் சிஸ்டம் பெயரை வாங்கியதுமே இப்படிப் பிரித்துத்தான் வைத்துக்கொள்ளும், ஜிப்புக்குள்ளும் அப்படியே போகும். நீங்கள் இப்போது உபுண்டுவில் தட்டுவது பெரும்பாலும் சேர்ந்த 'ொ'. ஃபைண்ட் இரண்டையும் ஒன்று என்று நினைக்காது, அதனால் கைவிரித்துவிடுகிறது. 'கோ', 'கௌ' வரும் பெயர்களுக்கும் இதே கதிதான்.

அவசரத்துக்கு முதல் எழுத்தை விட்டுவிட்டு '*க்கிரகுளம்*' என்று தேடுங்கள், இரண்டு விதமும் சிக்கும். நிரந்தரமாகச் சரிபண்ண ஃபைல் பெயர்களின் எழுத்துக் குறியீட்டை மாற்றும் கான்வ்எம்வி (convmv) என்ற கருவியை நிறுவி, உள்ஃபோல்டர்களுக்கும் சேர்த்து மைனஸ் ஆர் (-r), மூலம் (-f), முடிவு (-t) இரண்டுக்கும் யுடிஎஃப்8 (utf8), அப்புறம் பிரிந்த குறிகளைச் சேர்க்கச் சொல்லும் மைனஸ் மைனஸ் என்எஃப்சி (--nfc) கொடுத்து அந்த ஃபோல்டரில் ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் எதையும் தொடாது, எந்தெந்தப் பெயர் மாறும் என்று காட்டும். பார்த்துச் சரி என்று பட்டால் மைனஸ் மைனஸ் நோடெஸ்ட் (--notest) சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். அதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள், அதெல்லாம் ஊர்க்காரர்களின் மனு.

நட்சத்திர விஷயம் வேறு. மேற்கோள் குறி இல்லாமல் நட்சத்திரம், புள்ளி, பிடிஎஃப் (*.pdf) என்று போட்டால் அது ஃபைண்டிடம் போகும் முன்னே ஷெல், அதாவது நீங்கள் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல், கைவைத்துவிடும். நீங்கள் நிற்கிற ஃபோல்டரில் ஒரே ஒரு பிடிஎஃப் இருந்தால் அந்தப் பெயரை எழுதி அனுப்பும், ஃபைண்டும் அதை மட்டும் தேடும். இரண்டு மூன்று இருந்தால் பிழை. பிடிஎஃப் ஒன்றுமே இல்லாத ஃபோல்டரில் நின்றால்தான் நட்சத்திரம் நட்சத்திரமாகவே போய்ச் சேரும், அன்றைக்கு எல்லாம் ஒழுங்காக வரும். ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் இல்லை என்கிறீர்களே, அது நீங்கள் நின்ற இடத்தைப் பொறுத்தது! நட்சத்திரம் இருக்கிற சொல்லுக்கு ஒற்றை மேற்கோள் போடாமல் ஒரு நாளும் என்டர் தட்டாதீர்கள். ஸ்கேனரிலிருந்து வரும் ஃபைல்களில் சில நேரம் பிடிஎஃப் பெரிய எழுத்தில் (PDF) இருக்கும், அதற்கு ஃபைண்டில் நேமுக்குப் (-name) பதில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காத ஐநேம் (-iname) போடுங்கள்.

லொகேட் (locate) என்ற இன்னொரு தேடும் கட்டளை வைத்துத் தேடுகிற பழக்கம் இருந்தால் ஒன்று: அது வட்டைப் பார்க்காது, ஏற்கெனவே எழுதி வைத்த பட்டியலைத்தான் பார்க்கும். காலையில் அடித்த மனு அதில் வராது. நிர்வாகி உரிமை தரும் சுடோ (sudo) போட்டு, அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கும் அப்டேட்டிபி (updatedb) ஓட்டிவிட்டு மறுபடி தேடுங்கள், வந்துவிடும்.

அந்தப் பெரியவரின் போன் நம்பர் மனுவிலேயே இருக்கும், கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.