தொண்டையைப் பார்க்குமுன் மூக்கைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து இது நாலாவது தொண்டை வலி. முதல் மூன்று தடவையும் மெடிக்கலில் சொல்லி மூன்று நாள் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், சரியாகிவிட்டது. இந்தத் தடவை டாக்டரிடம் கூட்டிப்போனோம். டார்ச் அடித்துப் பார்த்தார், கழுத்தைத் தடவினார். "இருமுறாளா, மூக்கு ஒழுகுதா?" என்று கேட்டார். ரெண்டும் இருக்கிறது என்றேன். வைரஸ்தான், தானே போய்விடும் என்று காய்ச்சல் மருந்து மட்டும் எழுதிக் கொடுத்தார். நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு ஊசிகூடப் போடவில்லையே என்று வீட்டுக்காரருக்குக் கோபம். மாமியாரோ உள்நாக்கு இறங்கியிருக்கிறது, உப்பை வைத்துத் தூக்கிவிட வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்க, டாக்டரம்மா?
— ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: அந்த டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. அவர் கேட்ட அந்த இரண்டு கேள்விக்கே நூற்றைம்பது ரூபாய் தகும்.

தொண்டை வலியோடு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வைரஸ்தான் காரணம். நாலில் ஒருவருக்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒருவருக்கு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா இருக்கும். ஆன்டிபயாடிக் வேண்டியது அதற்கு மட்டும். சிக்கல் என்னவென்றால், டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பு. வெள்ளைப் புள்ளிகள்கூட இரண்டிலும் வரும். அதனால் தொண்டையோடு கூட வேறு என்ன வந்திருக்கிறது என்று பார்க்கிறோம். மூக்கு ஒழுகல், இருமல், குரல் கம்மல், கண் சிவப்பு இருந்தால் வைரஸ் பக்கம் சாயலாம். திடீரென்று காய்ச்சல், இருமலே கிடையாது, எச்சில் விழுங்கினால் வலி, தாடைக்குக் கீழே நெறி கட்டித் தொட்டாலே பிள்ளை முகம் சுளிக்கிறது, டான்சிலில் சீழ்ப்பூச்சு என்றால் ஸ்ட்ரெப் பக்கம். சில பிள்ளைகள் வயிற்று வலி, வாந்தி என்றுதான் வருவார்கள், தொண்டையைச் சொல்லவே மாட்டார்கள். உடம்பெல்லாம் உப்புத்தாள் போலச் சொரசொரவென்று சிவப்புத் தடிப்பு வந்தால் ஏறக்குறைய ஸ்ட்ரெப் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கை 1981-ல் ராபர்ட் சென்டார் என்ற அமெரிக்க மருத்துவர் பெரியவர்களுக்காகப் போட்டார். 1998-ல் கனடாவின் மெக்ஐசாக் வயதையும் சேர்த்தார். அத்தனை அறிகுறியும் பொருந்தினாலும் பாதிக்குப் பாதிதான் ஸ்ட்ரெப் இருக்கும். ஆகவே சந்தேகம் வலுத்தால் தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்து எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்புவேன். ஒன்றிரண்டு நாளில் தெரிந்துவிடும். "அதுவரை மருந்து இல்லாமலா?" என்று மதுரை வில்லாபுரத்தில் என் கிளினிக்குக்கு வரும் தாய்மார்கள் பதறுவார்கள். வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்து ஆரம்பித்தால்கூட ஸ்ட்ரெப்பால் பின்னால் இருதயத்துக்கு வரும் கேட்டைத் தடுத்துவிடலாம் என்று தெரிந்திருக்கிறது. இரண்டு நாள் பொறுப்பதில் நஷ்டம் இல்லை.

அப்படியானால் மூக்கொழுகும் பிள்ளைக்கும் ஒரு கல்ச்சர் எடுத்துப் பார்த்துவிடலாமே என்பார்கள். வேண்டாம். சில பிள்ளைகளின் தொண்டையில் இந்தக் கிருமி ஒரு தொந்தரவும் செய்யாமல் சும்மா குடியிருக்கும். சாதாரணச் சளிக்கு வந்த பிள்ளைக்குச் சோதனை பாசிட்டிவ் என்று வந்து, வேண்டாத மருந்தை விழுங்க வேண்டியதாகும்.

மெடிக்கலில் வாங்கிய மூன்று நாள் மாத்திரைக்கு வருகிறேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை அது. வைரஸ் வலி தானாகவே நாலைந்து நாளில் இறங்கும். ஸ்ட்ரெப் வலிகூட அப்படித்தான் இறங்கும், அதுதான் அதன் வஞ்சகம். நான் பெரியாஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்தபோது மேலூர் பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முந்தாநாள் முழங்கால் வீக்கம், அன்றைக்குக் கணுக்கால், இரண்டு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. மூன்று வாரத்துக்கு முன்னால் தொண்டை வலி வந்ததா என்று கேட்டேன். "வந்துச்சும்மா, தானா சரியாப் போச்சு" என்றார் அப்பா. இருதய வால்வு கெட்டிருந்தது. ஸ்ட்ரெப் வந்துபோன சில வாரத்தில் மூட்டையும் இருதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல். இதைத் தடுக்கத்தான் ஸ்ட்ரெப் உறுதியானால் பத்து நாள் பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின் கொடுக்கிறோம். இன்றுவரை அந்தக் கிருமி பெனிசிலினுக்கு மசியாமல் போனதில்லை. மூன்றாம் நாள் பிள்ளை ஓடியாட ஆரம்பித்ததும் நிறுத்திவிடாதீர்கள். இன்னொன்று, தண்ணீர் ஊற்றிக் கலக்கும் சிரப்பைப் பெரும்பாலும் ஏழு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. பத்து நாளுக்கு இரண்டாவது பாட்டில் வாங்க வேண்டியிருக்கும். பாதிப் பேர் முதல் பாட்டில் தீர்ந்ததும் மருந்தே தீர்ந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நானும் தடுக்கி விழுந்தவள்தான். என் மகனுக்கு இரண்டு வயதில் நல்ல காய்ச்சல், தொண்டை சிவப்பு. ராத்திரி அவன் அழுத அழுகையில் அம்மாவாகப் பயந்து, டாக்டரை மறந்து ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம். கை-கால்-வாய் நோய், சுத்தமான வைரஸ். மூன்று வயதுக்குள் ஸ்ட்ரெப் வருவது அபூர்வம் என்று அந்த வாரம்தான் மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருந்தேன்.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். உள்நாக்கு இறங்குவதில்லை, வீங்குகிறது. கட்டைவிரலில் உப்போ சுண்ணாம்போ தடவி அழுத்தினால் புண்தான் மிஞ்சும். அவருக்கு வேறு வேலை கொடுங்கள்: வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைக்கட்டும், மஞ்சள் மிளகுப் பால் காய்ச்சட்டும். பாராசிட்டமாலை எடைக்குத் தக்கபடி, டாக்டர் எழுதிய அளவில் கொடுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

ஆனால் சில பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பது, மூச்சை இழுக்கும்போது கர்ரென்ற சத்தம், வாயைத் திறக்க முடியாதது, கழுத்தைத் திருப்ப முடியாதது, வாயில் சூடான இட்லியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரிக் குரல், இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கரண்டியை விட்டுத் தொண்டையைப் பார்க்க முயல வேண்டாம். சாம்பல் நிறத்தில் தோல் போல ஒட்டிக்கொண்டு, சுரண்டினால் ரத்தம் வருகிற படலம் தொண்டை அடைப்பானாக (டிப்தீரியா) இருக்கலாம். அது ஒழிந்துபோன நோய் இல்லை. அதைத் தடுக்க உங்கள் மகளுக்கு ஐந்து வயதுக்கு மேல் போட வேண்டிய முத்தடுப்பு ஊசி போட்டாகிவிட்டதா? அட்டையை எடுத்துப் பாருங்கள். வீட்டுக்காரர் கேட்கும் ஊசி ஒருவேளை அதுவாக இருக்கலாம்.

கேள்வி: ஒன்பது வயது மகனுக்கு ராத்திரியில் கால் வலி. ரத்தத்தில் ஏஎஸ்ஓ 400 இருக்கிறது, 21 நாளைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். எத்தனை வருஷம் போடுவது?
— ஒரு தகப்பனார், திருமங்கலம்

பதில்: எத்தனை வருஷம் என்பது அப்புறம். ஊசி தேவைதானா என்பதை முதலில் கேளுங்கள். ஏஎஸ்ஓ என்பது மேலே சொன்ன ஸ்ட்ரெப் கிருமி எப்போதோ வந்துபோனதற்கு ரத்தத்தில் இருக்கும் தடம். தொண்டை வலித்த அன்று எடுத்தால் ஏறியிருக்காது. சில வாரம் கழித்து ஏறி, மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். பள்ளிக்கூடம் போகும் நல்ல பிள்ளைகளுக்கே 200-க்கு மேல் இருக்கும். அந்த எண்ணை மட்டும் வைத்து ருமாட்டிக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. மூட்டு வீங்கியதா, காய்ச்சல் இருந்ததா, இருதயத்தில் சத்தம் கேட்கிறதா, எக்கோ (இருதய ஸ்கேன்) என்ன சொல்கிறது என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். ராத்திரி வலித்து, காலையில் துள்ளி ஓடுகிற பையன் என்றால் பெரும்பாலும் வளரும் பருவத்து வலிதான். குழந்தை இருதய மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். நோய் உறுதியானால் அந்த ஊசிதான் வால்வைக் காப்பாற்றும். அப்போது ஒரு தவணைகூடத் தவறக் கூடாது. ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் அவரைப் பார்க்கும் வரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: அடிக்கடி தொண்டை வலி. டான்சிலை எடுத்துவிடலாமா?
— ஒரு வாசகி, சோழவந்தான்

பதில்: அடிக்கடி என்றால் எத்தனை? ஒரே வருஷத்தில் ஏழு, அல்லது இரண்டு வருஷமாக ஐந்தைந்து, அல்லது மூன்று வருஷமாக மும்மூன்று. அதுவும் ஒவ்வொரு தடவையும் டாக்டர் பார்த்து எழுதிவைத்ததாக இருந்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் பேசலாம். தூக்கத்தில் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வந்தால் இந்த எண்ணிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: விளக்குத்தூண் பக்கம் போனாலே பேரன் ஜிகர்தண்டா கேட்கிறான். தொண்டை கட்டிக்கொள்ளுமே?
— ஒரு தாத்தா, ஆரப்பாளையம்

பதில்: தொண்டைக் கிருமி பக்கத்துப் பெஞ்சுப் பையனின் தும்மலில் வருகிறது, ஜிகர்தண்டாவில் வருவதில்லை. குளிர்ச்சி வலிக்குச் சற்று இதமாகவே இருக்கும். கடை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரே தம்ளரில் இரண்டு பேரும் குடிக்காமல் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொள்ளுங்கள்.