சானல் அடைக்கும்போது மீன் எங்கே போகும்?

கேள்வி: ஐயா, திருவட்டார் பக்கம் பட்டணங்கால் சானலை ஒட்டி எனக்கு ஒன்றரை ஏக்கர் வாழை. மடையில் பதித்த நாலங்குலக் குழாய் வழியாகப் பண்ணைக்குட்டைக்குத் தண்ணீர் வருகிறது. கூடவே ஆற்று மீன்குஞ்சும் வந்து குட்டையில் சாகிறது. குழாய் வாயில் கொசுவலை கட்டினேன். ஒரே நாளில் பாசி அடைத்துத் தண்ணீர் நின்றது. வலையில் விரல் நீளக் குஞ்சுகள் ஒட்டிச் செத்துக் கிடந்தன. பெரிய செதில், பொன்னிறம், தடித்த உதடு. கடைக்காரர் நைலான் வலை போடச் சொல்கிறார், குட்டையில் விட ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சும் தருகிறேன் என்கிறார். எந்த வலை நல்லது?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளம் மகசீர் குஞ்சுக்குப் பொருந்துகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் வாழும் மலபார் மகசீர் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட இனம். ஓடும் தண்ணீரில், சுத்தமான கூழாங்கல் நடுவில்தான் முட்டை போடும். குட்டையில் அது பெருகாது. நாலு குஞ்சு செத்ததற்கு நீங்கள் வருந்தியது சரிதான்.

எந்த வலை என்பதைவிட, வலைக்குள் தண்ணீர் என்ன வேகத்தில் நுழைகிறது என்பதுதான் முக்கியம். நாலங்குலக் குழாய் வினாடிக்குப் பத்து லிட்டர் இழுத்தால், அதன் வாயில் தண்ணீர் வேகம் வினாடிக்கு 120 சென்டிமீட்டருக்கு மேல். விரல் நீளக் குஞ்சால் அதை எதிர்த்து நீந்த முடியாது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் சால்மன் மீன்குஞ்சுகளைக் காக்கப் பாசனக் கால்வாய்களுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: வலையை நெருங்கும் தண்ணீர் வினாடிக்கு 12 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, தானாகச் சுத்தமாகாத வலை என்றால் அதில் பாதி.

எட்டங்குல விட்டமுள்ள பிவிசி குழாய் ஒன்றரை அடி வெட்டி, சுற்றிலும் நெருக்கமாக ஓட்டை போட்டு, முனையை மூடி, மேலே 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள எவர்சில்வர் சல்லடையைச் சுற்றுங்கள். இப்போது தண்ணீர் மூன்று சதுர அடிப் பரப்பில் நுழையும், வேகம் மூன்றரை சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். பாதி அடைத்தாலும் குஞ்சு தப்பும். சானல் ஓட்டத்துக்கு இணையாகப் படுக்கவையுங்கள், ஓடும் தண்ணீரே பாசியைத் தள்ளிக்கொண்டு போகும். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டால் போதும். நைலான் வலை வேண்டவே வேண்டாம். அதில் செவுள் மாட்டினால் மீன் பின்னால் வர வழியில்லை. பிடிப்பதற்குச் செய்த வலையைத் தடுப்பதற்கு விற்கிறவர் மீனையும் அறியவில்லை, உங்களையும் மதிக்கவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் குழாயில் சாவது பத்து மீன் என்றால், பிப்ரவரி கடைசியில் சானல் அடைக்கும்போது சாவது கணக்கில் அடங்காது. ஆற்றை விட்டுச் சானலுக்குள் வந்த மீனுக்குத் திரும்பும் வழி இல்லை. உங்கள் சானலையே ஆற்றுக்கு மேலே தூக்கிக் கொண்டுபோகும், 1966-ல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலத்தை நினைத்துப் பாருங்கள். மேலே தொட்டியில் மீன் போகிறது, 115 அடி கீழே பறளியாறு ஓடுகிறது. அந்த மீனுக்கு அந்த ஆறு கிடைக்கவே கிடைக்காது. விலாங்கின் கதை இன்னும் கொடுமை. அது கடலில் போய்த்தான் முட்டையிடும். சானலில் சிக்கிய விலாங்கு ஒரு சந்ததியையே இழக்கிறது.

ஷட்டரை ஒரே ராத்திரியில் இறக்கினால் தண்ணீர் சடாரென்று வடியும், மீன் அங்கங்கே பள்ளத்தில் மாட்டும். இரண்டாம் நாள் வெயிலில் பள்ளத்துத் தண்ணீர் சூடாகி மூச்சு முட்டும். மூன்றாம் நாள், மீனை மயக்கிப் பிடிக்கப் பிளீச்சிங் பவுடரோடு ஆள் வந்துவிடுவான். அப்படி வெள்ளையாகப் புரண்டு கிடந்த மடைப்பள்ளம் ஒன்றைப் பார்த்த பிறகுதான் இதைப் போகிற இடமெல்லாம் பேசுகிறேன். ஷட்டரை நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால், வடியும் தண்ணீரோடு மீனும் நகர்ந்து ஆழமான இடத்தில் சேரும். எடுத்துவிட வசதி. இதற்கு ஒரு பைசா செலவில்லை. கும்பப்பூ நெல் அறுத்து முடிந்த நேரம், வயலுக்கும் நட்டமில்லை. பாசன சங்கத்தில் நீங்கள் கேட்டால் நடக்கும்.

எடுக்கும்போது முடிச்சில்லாத கைவலை, நனைந்த கை, சானல் தண்ணீரே நிரம்பிய அகலமான தொட்டி. விடியுமுன் முடித்துவிடுங்கள். மீன்வளத்துறை அலுவலகத்தில் முன்பே சொல்லிவையுங்கள். கொண்டுபோய் விடுவது எந்த ஆற்றுத் தண்ணீரோ அதே ஆற்றில், ஓட்டமுள்ள கசத்தில், அதாவது ஆழமான இடத்தில். குளத்தில் அல்ல.

ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட மீன். நாட்டுக்கெளுத்தி என்று பெயர் மாற்றியும் விற்கிறார்கள். மழையில் குட்டை நிரம்பி வழிந்தால் தரையில் நெளிந்தே சானலுக்குப் போய்விடும், கண்ணில் பட்ட குஞ்சையெல்லாம் தின்னும். நீங்கள் சல்லடை போட்டுக் காப்பாற்றியதை அது தின்று தீர்க்கும். அந்தக் கடைக்காரரிடம் குஞ்சு வாங்காதீர்கள், அக்கம்பக்கத்தாரையும் வாங்கவிடாதீர்கள். குட்டையில் மீன் வேண்டுமென்றால் ரோகு, கட்லா விடுங்கள், வழியும் வாயில் அதே 2 மில்லிமீட்டர் சல்லடை கட்டுங்கள்.

சல்லடைக் குழாயை இந்த வாரமே செய்துவிடலாம். ஷட்டர் விஷயமாக, அதைத் திறந்து மூடும் லஸ்கரிடம் ஜனவரியிலேயே பேசத் தொடங்குங்கள், அடைக்கும் தேதி குறித்த பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.