கோடை நெல்லில் இவ்வளவு பதர் ஏன்?

கேள்வி: ஐயா, வணக்கம். செய்யாறு பக்கம் எங்கள் ஊர். கிணற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நவரை (சம்பாவுக்குப் பின் போடும் நெல்), கோ 51 ரகம். தை மாத மழையில் சம்பா அறுப்பு தள்ளிப்போனதால் மாசி பாதியில்தான் நாற்று விட முடிந்தது. பயிர் நன்றாகத் தூர் கட்டியது, கதிரும் குறையில்லாமல் வந்தது. அறுத்துப் பார்த்தால் பாதிக்குப் பாதி பதர், உள்ளே அரிசி இல்லாத வெறும் உமி. பூச்சியோ நோயோ கண்ணில் படவில்லை. விதை போலியா? உரம் போதவில்லையா?

பதில்: வணக்கம். பயிர் நன்றாக வளர்ந்து, கதிரும் ஒழுங்காக வந்து, மணி மட்டும் பிடிக்கவில்லை என்றால் விதையைச் சந்தேகிப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள். கோ 51 ரகத்தின் வயது 105 முதல் 110 நாள். அறுப்புக்கு ஒரு மாதம் முன்னால் பூக்கும், அதாவது விதைத்த 75 முதல் 80 நாளில். மாசி பாதியில் விதைத்த உங்கள் பயிர் மே நடுவில், அக்னி நட்சத்திரத்தின் உச்சத்தில் பூத்திருக்கிறது. என் கணிப்பில் காரணம் அதுதான்.

நெல் பூக்கும் நேரம் மிகக் குறுகியது. ஒவ்வொரு பூவும் காலை 9 மணிக்கு மேல் நண்பகலுக்குள் ஏதோ ஒரு வேளையில் உமி பிளந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் திறந்திருந்து, மூடிக்கொள்ளும். அதற்குள் மகரந்தப் பை வெடித்துத் தூள் சூல்முடியில் விழ வேண்டும். அந்த வேளையில் கதிரைச் சுற்றி 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் பை சரியாக வெடிக்காது, விழுந்த தூளும் முளைக்காது. பூ மூடிவிட்டால் மறுபடி திறப்பதில்லை. ஒரு கதிர் நுனியிலிருந்து அடிவரை பூத்து முடிய ஒரு வாரம் ஆகும். அந்த வாரம் முழுக்க வெயில் கொளுத்தினால் என்ன ஆகும் என்பதை உங்கள் களத்திலேயே பார்த்துவிட்டீர்கள்.

களத்தில் தூற்றிய பதர் இன்னும் கிடந்தால் ஒரு பிடி எடுத்து உமியை நகத்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே ஒன்றுமே இல்லாமல், அடியில் கடுகைவிடச் சிறிய சூல் மட்டும் காய்ந்து ஒட்டியிருந்தால் கரு பிடிக்கவே இல்லை என்று அர்த்தம், அது வெயிலின் வேலை. தட்டையான அரைகுறை அரிசி இருந்தால் கரு பிடித்து, பால் பிடிக்கும் கட்டத்தில் நின்றுபோயிருக்கிறது. உமியில் கரும்புள்ளி இருந்தால் கதிர் நாவாய்ப்பூச்சி. குருத்துப்பூச்சியாக இருந்தால் முழுக் கதிரும் வெளுத்து நின்றிருக்கும், இழுத்தால் கையோடு வந்திருக்கும். உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்காது. இன்னொன்று, பூக்கும் வாரத்தில் காலை வேளையில் மருந்து அடித்தாலும் இப்படிப் பதராகும். அப்போது தெளித்தே ஆக வேண்டியிருந்தால் மாலை நேரம்தான் சரி.

பகல் வெயிலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, இரவுச் சூடும் சேர்ந்துகொள்கிறது. பகலில் இலை சேர்த்த மாவை, இரவு புழுங்கினால் பயிர் தன் சுவாசத்துக்கே செலவழித்துவிடும். மணிக்குப் போவது குறையும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1979 முதல் 2003 வரையிலான பதிவுகளை வைத்துப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் பகல் வெப்பம் ஏறியதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இரவு வெப்பம் ஏறியிருந்தது. இரவு வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் கோடைப்பட்ட விளைச்சல் 10 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவை நீர், உரம் எதற்கும் குறை வைக்காத சோதனை வயல்கள். உரம் போதவில்லையோ என்று நீங்கள் உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

2024இல் உலகச் சராசரி வெப்பம், தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முந்தைய காலத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை டிகிரி கூடியிருந்தது. கேட்கச் சின்ன எண்தான். நமக்கு அது பட்டம், அதாவது விதைக்கும் பருவம், தவறுவதாகவே வந்து சேர்கிறது. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி தொடக்கத்திலும் அறுப்பு நேரத்தில் மழை கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். சம்பா தள்ளினால் நவரை தள்ளும், நவரை தள்ளினால் பூ கத்திரி வெயிலில் மாட்டும்.

அதனால் இனி நாற்று விடும் நாளைப் பூக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி முடிவு செய்யுங்கள். பங்குனி பாதிக்குள் பூத்துவிட வேண்டும். அப்படியானால் பொங்கலுக்கு முன்பே விதை நாற்றங்காலில் விழ வேண்டும். சம்பா வயலில் நிற்கிறதே என்று காத்திருக்க வேண்டாம், ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்கால் போதும். மோட்டார் கொட்டகைப் பக்கம் மேட்டில் இடம் ஒதுக்கி வையுங்கள். மாசி பிறந்தும் நாற்று விடவில்லையென்றால் அந்த வருடம் நெல்லை விட்டுவிட்டு மாசிப்பட்ட எள்ளோ உளுந்தோ போடுங்கள். கையில் தண்ணீர் இருக்கும்போது நெல்லை விட மனசு வராது, தெரியும். ஆனால் பாதி பதராகப் போகும் நெல்லுக்கு முழுச் செலவும் செய்வதைவிட அதுதான் லாபம்.

தாமதமாகப் பூக்கும் பயிர் ஏற்கனவே வயலில் நின்றால், பூக்கும் இரண்டு வாரமும் வயலைக் காயவிடாதீர்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போல, பயிரும் நீரை ஆவியாக விட்டுத்தான் தன்னைக் குளிர்த்துக்கொள்கிறது. வயலைக் காயவிட்டு மறுபடி நீர் கட்டும் காய்ச்சலும் பாய்ச்சலும் நல்ல முறைதான், மீத்தேன் வெளியேறுவதும் அதில் பெருமளவு குறையும். இந்த இரண்டு வாரம் மட்டும் நிறுத்தி வையுங்கள். வயலில் சுட்டுப்போன தண்ணீரை மாலையில் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் கட்டலாம். கதிர் உருவாகும்போது ஒரு முறையும் பத்து நாள் கழித்து மறு முறையும் 2 சதவீத டிஏபி உரம், 1 சதவீத பொட்டாஷ் உரம் கலந்த கரைசல் தெளித்தால் மணி திரளும். ஆனால் கரு பிடிக்காத பூவை எந்தத் தெளிப்பும் காப்பாற்றாது. இந்த நேரத்தில் வெயிலைத் தணிக்கும் மருந்து என்று யாராவது விற்றால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

களை எடுக்க வருகிறவர்களை விடியற்காலையில் இறக்கி 11 மணிக்குள் கரையேற்றிவிடுங்கள். தேங்கிய தண்ணீரும் புழுக்கமும் சேர்ந்த வயலில் வியர்வை ஆறாது, குனிந்தே இருப்பவர்களுக்குச் சட்டென்று தலை சுற்றும். வரப்பில் குடிநீரும் உப்புப் போட்ட மோரும் இருக்கட்டும்.

உமியைப் பிரித்துப் பார்த்துச் சூலா, அரைகுறை அரிசியா என்று எழுதுங்கள். கதிர் மாதிரி மீதமிருந்தால் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள், விதை பற்றிய சந்தேகமும் அங்கேயே தீர்ந்துவிடும்.