கல்லீரல் அறுவைக்கு முன் முப்பரிமாண மாதிரி அவசியமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. கல்லீரலின் வலப்பக்கக் கட்டி நடுச் சிரையை ஒட்டியிருப்பதால், அறுவைக்கு முன் முப்பரிமாண அச்சில் மாதிரி செய்து பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். அதற்குத் தனிக் கட்டணமாம். அது தேவையா? அச்சிட்ட கல்லீரலையே உள்ளே பொருத்திவிடுவார்களோ என்று அம்மா பயப்படுகிறார். (வாசகர், ஏற்காடு)

பதில்: அம்மாவின் பயத்துக்கு இடமில்லை. அது ரெசின் அல்லது பிளாஸ்டிக்கால் ஆன மாதிரி. மருத்துவர்கள் கையில் வைத்துத் திட்டமிடுவதற்கு மட்டுமே. உயிருள்ள செல்களைக் கொண்டு கல்லீரலை அச்சிடும் முயற்சி இன்னும் ஆய்வுக்கூட அளவிலேயே இருக்கிறது.

வெளியிலிருந்து பார்த்தால் கல்லீரல் ஒரே பிண்டமாகத் தெரிந்தாலும், நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் பாயும் அதன் உட்புறம் போர்ட்டல் சிரை (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் நாளம்), தமனி, பித்தநாளம் ஆகியவற்றின் கிளைகளால் எட்டுப் பகுதிகளாகப் பிரிந்துள்ளது. பிரெஞ்சு மருத்துவர் குயினோ 1957இல் வகுத்த இந்தப் பிரிவையே அறுவை மருத்துவர்கள் இன்றும் பின்பற்றுகிறார்கள். நடுச் சிரை வலப்பாதிக்கும் இடப்பாதிக்கும் இடையே ஓடி, இரு பக்க ரத்தத்தையும் வடிக்கிறது. கட்டியோடு அதையும் எடுக்க நேர்ந்தால், மிஞ்சும் இடப்பாதியின் நான்காம் பகுதியில் ரத்தம் தேங்கக்கூடும். எனவே எங்கே வெட்டுவது, சிரையைக் காப்பாற்ற வழியுண்டா என்பதை முன்கூட்டியே அறிய, ஒளி ஊடுருவும் ரெசினில் சிரைகள் ஒரு நிறத்திலும் கட்டி வேறு நிறத்திலும் தெரியும் மாதிரி உதவும். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவர்கள் 2013இல் உயிருள்ளோர் கல்லீரல் தானத்துக்காக இத்தகைய மாதிரிகளைச் செய்து, அறுவையில் கண்ட உண்மையான உறுப்போடு ஒப்பிட்டு வெளியிட்டார்கள்.

ஆனால் எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. கட்டி ஓரத்தில், பெரிய நாளங்களுக்கு அப்பால் இருந்தால் கணினித் திரையிலுள்ள முப்பரிமாணப் படமே போதும் என்பது என் கருத்து. உங்கள் அப்பாவின் நிலை அப்படியில்லாததால், மருத்துவரின் யோசனை நியாயமானதே. இருந்தாலும் மாதிரி இறுகியது. அறுவையின்போது கல்லீரலைத் தூக்கித் திருப்பினால் அதன் வடிவம் மாறிவிடும். ஆகவே அறுவை அரங்கில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பதை இது ஈடுசெய்யாது. செலவைக் குறைக்கச் சில இடங்களில் சிறிய அளவில் அச்சிடுவார்கள். அதில் கட்டிக்கும் சிரைக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் பார்த்துக் கணிக்கக் கூடாது.

மாதிரியின் தரம் ஸ்கேனின் தரத்தைப் பொறுத்தது. நிறமூட்டும் மருந்தை ஊசியில் செலுத்தியபின், அது தமனியில் இருக்கும்போது, போர்ட்டல் சிரைக்கு வரும்போது, சற்றுத் தாமதித்து என மூன்று கட்டங்களிலும் மெல்லிய வெட்டுகளாக எடுத்த சி.டி. ஸ்கேன் வேண்டும், பித்தநாளம் அதில் தெளியாது என்பதால் தேவைப்பட்டால் எம்.ஆர்.சி.பி. (பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுப்பார்கள். சேலத்தில் ஏற்கெனவே ஸ்கேன் எடுத்திருந்தால், பிலிமை மட்டும் எடுத்துச் செல்லாமல், டைகாம் கோப்புகள் (ஸ்கேன் படங்களின் மூலக் கணினிக் கோப்புகள்) அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் பழையதாயின் புதிதாக எடுக்கச் சொல்வார்கள். இடையில் கட்டி வளர்ந்திருக்கலாம்.

மாதிரியைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, அறுவைக்குப் பின் எத்தனை சதவீதக் கல்லீரல் மிஞ்சும் என்பது. நலமான கல்லீரலில் 20 முதல் 25 சதவீதம் இருந்தால் சமாளிக்கலாம். கீமோதெரபி பெற்றவருக்குச் சுமார் 30, சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) உள்ளவருக்குச் சுமார் 40 சதவீதம் தேவை. இந்த அளவை அதே ஸ்கேனிலிருந்து கணினியே கணக்கிட்டுத் தரும், அச்சு வேண்டாம். கட்டணம் காப்பீட்டில் சேருமா என்பதை, அனுமதி கோரும்போதே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.