காசுக்கு அழகு மட்டும் போதுமா?

கேள்வி: வெளிநாட்டு நாணயசாலைகள் மாதிரிக் குத்திகளை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு உருக்கிவிடுகின்றனவாம். நல்ல சிற்பி ஒருவரிடம் ஒப்படைத்தால் முதல் தடவையிலேயே அழகான காசு கிடைத்துவிடாதா? எதற்கு இந்த வீண்செலவு?
வாசகர் ஒருவர், உவர்மலை, திருகோணமலை

பதில்: ஒப்படைத்துத்தான் பார்த்தார்கள், ஐயா. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கேட்டுக்கொண்டதால் சிற்பி செயின்ட்-கோடன்ஸ் வடித்த 20 டொலர் தங்கக் காசு 1907இல் வந்தது. சேகரிப்பவர்கள் இன்றும் அதன் அழகில் சொக்கிப்போகிறார்கள். ஆனால் உருவம் மேடாக எழும்பி நின்றதால் ஓரடியில் பதியவில்லை. வங்கிக்காரர்களோ அடுக்க முடியவில்லை என்றார்கள். நாணயசாலைச் செதுக்குநர் பார்பர் அதைத் தட்டையாக்கிய பிறகுதான் காசு புழங்கியது.

செம்பு விலை ஏறியபோது, 1974 என்று பொறித்து 15 இலட்சம் அலுமினிய சதங்களை அடித்தார்கள். குழந்தை விழுங்கினால் எக்ஸ்-ரேயில் சரியாகத் தெரியாது என்று டொக்டர்மார் எதிர்த்தார்கள்; காசு போட்டால் பொருள் தரும் தானியங்கி இயந்திரக்காரரும் சேர்ந்துகொண்டார்கள். காசு வெளியே வரவில்லை. சிற்பி இதையெல்லாம் யோசிப்பாரா?

உண்மையான வீண்செலவு எது தெரியுமா? மாதிரி சொன்னதைக் கேட்காமல் விடுவது. பெண்ணுரிமைப் போராளி சூசன் அந்தோனியின் உருவம் பொறித்த 1979இன் டொலர் காசுக்கு முதலில் பதினொரு பக்கம் வைத்து மாதிரி செய்தார்கள். இயந்திரக்காரர் முறுக்கிக்கொள்ளவே, விளிம்பை வட்டமாக்கி, பதினொரு பக்கத்தை உள்ளே வெறும் கோடாகப் போட்டு ஒப்பேற்றினார்கள். கோட்டை விரல் அறியுமா? 26.5 மில்லிமீற்றர் டொலரை 24.3 மில்லிமீற்றர் கால் டொலர் என்று நினைத்து ஆட்கள் கொடுத்தார்கள். முதல் வருடத்தில் மட்டும் 75 கோடிக்கு மேல் அடித்த காசு பெட்டிகளில் தூங்கியது.

அவர்கள் கைவிட்ட பதினொரு பக்கம் நம்முடைய பத்து ரூபாக் குத்தியில் இருக்கிறது. கிண்ணியா பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறு கையைப் பைக்குள் விட்டுப் பாருங்கள், பார்க்காமலே எடுத்துவிடுவீர்கள். பழைய சிலோன் காசிலும் அப்படித்தான்: ஐந்து சதம் சதுரம், பத்து சதம் அலைவிளிம்பு.

ஆகவே கோபப்படுவதானால் இப்படிப் படுங்கள். நம்முடைய 2017 காசு வரிசையில் ஒன்று, இரண்டு, ஐந்து ரூபா மூன்றும் துருப்பிடிக்காத உருக்கு, மூன்றும் வட்டம். பொன்னிற ஐந்து ரூபாவை நிறம் பார்த்துப் பிரித்தோமே, அந்த வசதியும் போயிற்று. இதன் மாதிரியைக் கண்பார்வை இல்லாத ஒருவர் கையில் கொடுத்துப் பார்த்தீர்களா என்று கொழும்பிலுள்ள மத்திய வங்கிக்கு ஒரு கடிதம் போடுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.